பயிற்சியின் பயனா, பயின்றவரின் தகுதியா?

வேலையற்றோர்க்குத் தொழில் கற்பிக்கும் திட்டங்களும், வேலை செய்வோரின் உடல்நலத்தைப் பேணும் திட்டங்களும் இன்று பல நாடுகளிலும் பெருகியுள்ளன. திட்டம் ஒன்று நடந்து முடிந்ததும் அதனைத் தொடர்ந்து அறிக்கை ஒன்று வெளிவருகின்றது. பயிற்சி பெற்றோருள் நூற்றுக்கு இத்தனை பேர் வேலை பெற்றனர் என்னும் வாக்கியம் அதில் கட்டாயம் இருக்கும். செய்தித்தாள் அதனை எடுத்து வெளியிடும். மேடையில் பேசுவோர் அதனையே சான்றாகக் காட்டுவர். அவர்களுள் எத்தனை பேர் அப்பயிற்சி இல்லாமலே வேலை பெற்றிருப்பர் என்று கேட்பவர் மிகச் சிலரே.

இது வெறும் கணக்கப்பிள்ளையின் கேள்வி அன்று. ஆறு திங்கள் கூலியை விட்டுப் பயிற்சிக்கூடத்தில் அமரும் ஓர் ஏழைத் தொழிலாளி, தன் வாழ்நாளில் ஒரு பகுதியை அத்திட்டத்தை நம்பி ஒப்படைக்கின்றான். பயனற்ற திட்டத்தைப் பயனுடையது என்று பறைசாற்றுவது அவனை ஏமாற்றுவதாகும். பயனுள்ள திட்டத்தைப் பயனற்றது என்று தள்ளுவதோ அவனுக்குக் கிடைக்க இருந்ததைப் பறிப்பதாகும். காரணம் போலத் தோன்றிக் காரணம் ஆகாதவற்றை ஏதுப்போலி என்று பெயரிட்டு வகுத்துக் காட்டுகின்றது மணிமேகலையின் 29-ஆம் காதை. வேலைத் திட்டங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளுள்ளும் ஏதுப்போலிகள் மலிந்துள்ளன. அமெரிக்க நாட்டில் நெடுங்காலமாக இத்துறையில் ஆராய்ச்சி நடைபெற்று வருதலின், அங்குள்ள சிலவற்றை உரைகல்லில் இட்டுப் பார்ப்பது பொருந்தும்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் பலரும் ஹாதார்ன் ஆய்வைக் கேள்வியுற்றிருப்பர். சிக்காகோ நகரை அடுத்து வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் நடத்திய ஹாதார்ன் தொழிற்சாலையில், 1924 முதல் 1927 வரை விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் தொழிலாளரின் உழைப்பு அளந்து பார்க்கப்பட்டது. 1927-இல் ஐந்து பெண்கள் தனி அறை ஒன்றில் அமர்த்தப்பட்டனர். அவர்களுடைய ஓய்வு நேரம், வேலை நேரம் முதலியவை மாற்றி மாற்றிச் சோதிக்கப்பட்டன. ஏறத்தாழ ஈராண்டில் உற்பத்தி 30 விழுக்காடு உயர்ந்தது. தம்மைப் பிறர் அக்கறையோடு கவனிக்கின்றனர் என்ற உணர்வே மக்களின் உழைப்பைக் கூட்டுகின்றது என்பது இதிலிருந்து பெறப்பட்ட முடிபு. ஹார்வார்டுப் பல்கலைக்கழகத்து எல்ட்டன் மேயோவும் அவரைச் சார்ந்தோரும் இதனைப் பரப்பினர். மேலாண்மை நூல்களிலும் கல்வி உளநூல்களிலும் இது ஏறக்குறைய ஒரு வேதவாக்கு ஆயிற்று.

முடிபு இனிமையானதே. ஆனால் அந்த அறையில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ஐயம் எழுகின்றது. பெருங்குழு ஒன்றின் உற்பத்தியை வைத்துக் கூலி பெற்றுவந்த அப்பெண்கள், தனியறைக்கு வந்தபின் தம் சிறு குழுவின் உற்பத்திக்கு ஏற்பக் கூலி பெற்றனர். அஃதாவது, கூடுதல் உழைப்பின் பயன் நேரே அவர்கள் கைக்கு வந்தது. 1928-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஒத்துழைக்கவில்லை என்று ஐவருள் இருவர் நீக்கப்பட்டு, அவர்களுக்குப் பதிலாகச் சுறுசுறுப்பான வேறு இருவர் சேர்க்கப்பட்டனர். கூலி முறையை மட்டும் மாற்றிப் பார்த்த மற்றொரு குழுவில் உற்பத்தி ஏறத்தாழ 12 விழுக்காடு உடனே உயர்ந்தது. பழைய கூலி முறை திரும்பியதும் அது தாழ்ந்தது. இவற்றையெல்லாம் 1967-இல் அலெக்ஸ் கேரி என்பார் எடுத்துக் காட்டி, அன்பும் கவனிப்பும் அன்று, கூலியும் கண்டிப்புமே அங்கு வேலை செய்தன என்று கடுமையாக எழுதினார். அவர் கூறியதும் ஓரளவு மிகைதான். ஐந்து பேரை வைத்துக்கொண்டு எந்த முடிபையும் உறுதியாக நிலைநாட்ட இயலாது; மேயோவின் முடிபுக்குப் பொருந்தும் இத்தடை கேரியின் முடிபுக்கும் பொருந்தும்.

விளக்கொளி ஆய்வின் கதை இன்னும் சுவையானது. அதன் மூல எண்கள் அழிந்துவிட்டன என்றே பலரும் நினைத்திருந்தனர். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் அவற்றை நூலகங்களிலிருந்து தேடி எடுத்து, 2011-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். விளக்குகள் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே மாற்றப்பட்டிருந்தன. ஆகவே, சனிக்கிழமை உற்பத்தியையும் புதிய விளக்கொளியில் நடந்த திங்கட்கிழமை உற்பத்தியையும் ஒப்பிட்டவர்க்கு உயர்வு தென்பட்டது. விளக்கை மாற்றாத வாரங்களிலும் திங்கட்கிழமை உற்பத்தி சனிக்கிழமையை விட மிக்கே இருந்தது! ஒருநாள் ஓய்வு செய்த வேலையை விளக்கின் கணக்கிலும், பிறகு கவனிப்பின் கணக்கிலும் எழுதியிருக்கின்றனர். இத்தனை ஆண்டுகள் எத்தனை ஆசிரியர்கள் இதனைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பர்!

ஹாதார்னில் ஒப்புநோக்கத்தக்க குழு சரியாக அமையவில்லை. அமைந்தால் என்ன தெரியும் என்பதற்கு 1975-இல் தொடங்கிய நேஷனல் சப்போர்ட்டட் ஒர்க் என்னும் திட்டம் தக்க சான்று. அரசாங்க உதவிப் பணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த தாய்மார், போதைப் பழக்கத்தினின்று மீண்டோர், சிறையினின்று வெளிவந்தோர், பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர் ஆகிய நால்வகையார்க்கு அது வேலை கொடுத்தது. சிறு குழுக்களாக மேற்பார்வையின்கீழ் 9 முதல் 18 திங்கள் வரை அவர்கள் வேலை செய்தனர். வேலையின் கடுமை சிறுகச் சிறுகக் கூட்டப்பட்டது. ஆய்வில் இடம்பெற்றோர் ஏறத்தாழ 6,600 பேர். தகுதியுடைய விண்ணப்பக்காரருள் யாரைத் திட்டத்தில் சேர்ப்பது, யாரை விடுவது என்பது திருவுளச்சீட்டைப் போன்ற முறையால் முடிவு செய்யப்பட்டது.

ஏழைகளின் வாழ்வைச் சீட்டில் வைத்து ஆடுவதா என்று சினங்கொள்வோர் உண்டு. இடம் சிலவாகவும் கேட்போர் பலராகவும் இருக்கும்போது யாரேனும் சிலர் விடுபட்டே ஆகவேண்டும். மேலாளருக்கு வேண்டியவர் உள்ளே போவதும் வேண்டாதவர் வெளியே நிற்பதும் அதனினும் நேர்மையானவை அல்லவே! உத்தரமேரூர்க் கல்வெட்டு உரைக்கும் குடவோலை முறையும் இத்தகையதே. நிலம், வயது, கல்வி ஆகிய தகுதிகளை முதலில் ஆராய்ந்து, தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அம்முறை ஓரவஞ்சனையைத் தடுத்தது. ஆய்வில் இடும் சீட்டு அதனைத் தடுப்பதோடு மற்றொன்றும் செய்கின்றது. உள்ளே சென்றோரும் வெளியே நின்றோரும் ஊக்கத்திலும் உடல்நலத்திலும் குடும்ப நிலையிலும் சராசரியாக ஒத்திருப்பர். பின்னர் அவர்களிடையே வேறுபாடு தோன்றுமாயின், அதற்குத் திட்டமே காரணம் என்று துணிந்து கூற இயலும்.

இத்திட்டத்தின் எண்களைக் கொண்டு 1986-இல் ராபர்ட் லலோண்டு என்னும் பொருளாதார ஆசிரியர் செய்த சோதனை இத்துறையையே உலுக்கியது. திட்டத்தில் சேர்ந்த ஆடவர் 297 பேரையும் சீட்டில் விடுபட்ட 425 பேரையும் அவர் எடுத்துக்கொண்டார். 1982-ஆம் ஆண்டு விலைவாசிப்படி கணக்கிட்டால், 1978-இல் சேர்ந்தோரின் சராசரி வருவாய் 5,976 டாலர். விடுபட்டோரின் சராசரி 5,090 டாலர். ஆகவே, திட்டத்தின் பயன் 886 டாலர். பிறகு அவர் அந்த 425 பேரையும் ஒதுக்கிவிட்டு, சீட்டு முறை இல்லாத ஆராய்ச்சியாளர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். நாடளாவிய குடும்பக் கணக்கெடுப்பு ஒன்றிலிருந்து ஆடவர்களை எடுத்து ஒப்பிட்டார். அவர்களுடைய சராசரி வருவாய் 21,554 டாலர். இக்கணக்குப்படி அத்திட்டம் ஒவ்வொருவரின் வருவாயையும் 15,578 டாலர் குறைத்துவிட்டது என்றாகும்! இத்தனைக்கும் அத்திட்டத்தினரின் மொத்த வருவாயே அதில் பாதிகூட இல்லை.

இந்த அளவில் யாரும் நிறுத்தமாட்டார். வயது, கல்வி, முன்னைய வருவாய் முதலியவற்றின் வேறுபாட்டைக் கழிப்பதற்குக் கணக்கியல் முறைகள் உள்ளன. லலோண்டு அவற்றையும் ஒவ்வொன்றாகக் கையாண்டார். ஒரு முறை பெருநட்டம் என்றது; மற்றொன்று இலாபம் என்றது; சில 886-க்கு அருகில் வந்தன. இங்குதான் கூர்ந்து நோக்க வேண்டும். 886 என்னும் விடை முன்னமே தெரிந்திருந்தமையால் எது சரி, எது தவறு என்று அவரால் கூற முடிந்தது. அவ்விடை தெரியாத ஆராய்ச்சியாளர் இவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பார்? அன்று வழக்கிலிருந்த தேர்வுமுறைகள் அவருக்கு உறுதியான வழி காட்டவில்லை. தமக்கு விருப்பமான எண்ணையே மிக நுட்பமான முறை என்று அவர் நம்பிவிடவும் கூடும்.

லலோண்டின் ஆய்வும் குறையற்றது அன்று. சிறையினின்று வந்தவனையும் நாட்டின் நடுத்தரக் குடும்பத் தலைவனையும் ஒப்பிட்டால் முரண் வராமல் என்ன செய்யும்? இராஜீவ் டெஹேஜியா, சாதக் வாபா என்னும் இருவர் 1999-இல், திட்டத்தினரை ஒத்த நிலையில் உள்ளோரை மட்டும் கணக்கெடுப்பிலிருந்து பொறுக்கி எடுத்து ஒப்பிட்டால் சீட்டு முறையின் விடைக்கு அண்மையில் வரலாம் என்று காட்டினர். 2005-இல் ஜெப்ரி ஸ்மித், பெட்ரா டாட் ஆகியோர், எந்த ஆட்களைக் கணக்கில் சேர்ப்பது என்பதைச் சிறிது மாற்றினாலும் அவ்விடை ஆட்டங்காணுகின்றது என்று மறுத்தனர். ஜேம்ஸ் ஹெக்மனும் அவரைச் சார்ந்தோரும் காட்டிய வழியே இப்பூசலில் மிகவும் நடைமுறைக்கு உகந்தது. ஒரே ஊரில் வேலை தேடுவோரை, ஒரே வினாத்தாளைக் கொண்டு கேட்டு ஒப்பிட்டால் பிழையில் பெரும்பகுதி குறைகின்றது என்பது அவர்கள் கண்டது. வேறு ஊர், வேறு வினா, வேறு ஆள் என்னும் மூன்றும் கூடினால் எத்துணை நுட்பமான கணக்கும் கைவிட்டுவிடும்.

முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்ப்பதே போதும் என்பாரும் உளர். பயிற்சிக்கு முன் இவ்வளவு ஊதியம், பின் இவ்வளவு, ஆகவே இடைப்பட்டது பயிற்சியின் பயன் என்பது அவர் வாதம். ஓர்லி ஆஷன்பெல்ட்டர் என்பார் 1978-இல் இதன் பொய்ம்மையைக் காட்டினார். பயிற்சிக்கு வருவோரின் வருவாய், சேர்வதற்குச் சற்று முன்னர்ச் சட்டென்று தாழ்கின்றது. வேலை போனவன்தானே பயிற்சியைத் தேடி வருவான்? அவனுடைய வருவாய் பயிற்சி இல்லாமலே ஓரளவு மீண்டும் உயர்ந்திருக்கும். ரப்பர்த் தோட்டத்தை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மரம் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறையும். தளிர் முற்றியதும் பால் கூடும். இலையுதிர் காலத்தில் பால்வெட்டுக்காரர்களைக் கூட்டிவைத்து ஒரு வாரம் பாடம் நடத்தி, மூன்று திங்கள் கழித்துப் பாலை நிறுத்துப் பார்த்து, பாடத்தால் பால் கூடிற்று என்று எழுதும் துரையை எந்தத் தொழிலாளியும் நம்பமாட்டான். அறிக்கை என்று அச்சிட்டுக் கொடுத்தால் மட்டும் படித்தவர்கள் நம்பிவிடுகின்றனர்.

வேலையிடத்து உடல்நலத் திட்டங்களின் வரலாறு இதனினும் அண்மையது. உடற்சோதனை, உணவுமுறைப் பாடம், உடற்பயிற்சி, புகை விடுவதற்கான ஊக்கத்தொகை முதலியவற்றை அமெரிக்க முதலாளிமார் தம் தொழிலாளர்க்கு வழங்குகின்றனர். 2010-இல் காத்தரின் பைக்கர் என்னும் அம்மையாரும் உடன் ஆய்ந்தோர் இருவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3.27 டாலரும், வேலைக்கு வராமையால் ஏற்படும் இழப்பில் 2.73 டாலரும் மிச்சமாகின்றன என்று கணக்கிட்டனர். ஒன்றுக்கு ஆறு கிடைக்கும் வாணிகத்தை எந்த முதலாளி விடுவான்?

2016-இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் கொண்டு சீட்டு முறையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. டேமன் ஜோன்ஸ், டேவிட் மோலிட்டர், ஜூலியன் ரீப் ஆகியோரின் அவ்வாய்வு 2019-இல் வெளிவந்தது. ஈராண்டுக்கு மேலாகியும் மருத்துவச் செலவிலோ, உழைப்பிலோ, ஊழியர் தம் உடல்நிலையைப் பற்றித் தாமே கூறியவற்றிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. உடற்சோதனை செய்துகொண்டோர் தொகை கூடியது உண்மை. ஆயினும் இவ்வாய்வின் அருமை அதில் இல்லை. திட்டத்தில் விரும்பிக் கலந்துகொண்டோரின் முந்தைய ஆண்டு நிலையை ஆய்வாளர் பார்த்தனர். கலந்துகொள்ளாதோரை விட அவர்கள் அப்பொழுதே குறைந்த மருத்துவச் செலவும் நல்ல பழக்கவழக்கங்களும் உடையவராய் இருந்தனர். நலமாக இருப்பவன் நலத் திட்டத்திற்கு வருகின்றான். பின்னர் அவன் நலம் திட்டத்தின் பெயரில் வரவு வைக்கப்படுகின்றது. மாலை வகுப்புக்குத் தானே விரும்பி வரும் மாணவனின் தேர்ச்சி முழுவதையும் மாலை வகுப்புக்கே உரியதாக்கும் பள்ளிகளும் இதைத்தான் செய்கின்றன.

பல்கலைக்கழக ஊழியர் ஓரளவு வசதியுடையவர். அவர்களிடம் கண்டது கூலித் தொழிலாளர்க்குப் பொருந்துமா என்று கேட்பது முறையே. அதற்கும் விடை அதே 2019-இல் கிடைத்தது. பி.ஜே.எஸ். என்னும் பெரும் விற்பனை நிறுவனத்தின் 160 கடைகளுள் 20 கடைகள் சீட்டால் தேர்ந்தெடுக்கப்பட்டு அங்கு மட்டும் திட்டம் நடத்தப்பட்டது. ஆய்வுக்குட்பட்டோர் ஏறத்தாழ 33,000 பேர். பதினெட்டுத் திங்கள் கழிந்தபின், தாம் உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னோர் தொகை கூடியிருந்தது. இரத்த அழுத்தம், கொழுப்புச் சத்து முதலிய அளவுகளில் வேறுபாடு இல்லை. மருத்துவச் செலவிலும் இல்லை. வேலைக்கு வராமையிலும் இல்லை. வாயால் சொன்னது மாறிற்று. கருவியால் அளந்தது மாறவில்லை. இதனை ஆய்ந்து எழுதிய இருவருள் ஒருவர், 2010-இல் ஒன்றுக்கு ஆறு என்று எழுதிய அதே பைக்கர் அம்மையார் என்பது போற்றத்தக்கது. தம் பெயரால் பரவிய ஒரு முடிபைத் தாமே கடுஞ்சோதனைக்கு உட்படுத்தி, வந்த விடையை மறைக்காமல் வெளியிடுவோர் எந்த நாட்டிலும் பலர் இல்லை.

இனி, சீட்டு முறையைக் கண்டவுடன் கைகூப்பி நிற்பதும் தவறு. பிரான்சு நாட்டில், கல்லூரிப் படிப்பு முடித்து வேலையின்றி இருந்த இளைஞர்க்கு வேலை தேடித்தரும் உதவி அளிக்கப்பட்டது. புருனோ கிரெப்போன், எஸ்தர் டூப்லோ முதலியோர் 2013-இல் வெளியிட்ட அதன் ஆய்வு, சீட்டை இருமுறை இட்டது. 235 வேலைவாய்ப்பு வட்டாரங்களுள் எந்த வட்டாரத்தில் எத்தனை விழுக்காட்டினர்க்கு உதவி என்பதை முதற்சீட்டும், அவ்வட்டாரத்துள் யாருக்கு என்பதை இரண்டாம் சீட்டும் முடிவு செய்தன. எட்டுத் திங்களில், உதவி பெற்றோர் பெறாதோரை விட நிலையான வேலையில் மிகுதியாக அமர்ந்திருந்தனர். ஆனால் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி, அதே வட்டாரத்தில் உதவி பெறாது நின்ற இளைஞரின் இழப்பிலிருந்து வந்தது. வேலை அருகிய இடங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. நாற்காலி ஒன்றே, அதில் ஒருவன் அமர்ந்தான், மற்றவன் எழுந்தான். ஒரு சீட்டு மட்டும் இட்டிருந்தால் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுவதும் திட்டத்தின் பயனாகக் கணக்கில் ஏறியிருக்கும். பெருந்தொகையினர்க்குப் பயிற்சி அளித்து வேலையின்மையை ஒழிப்போம் என்பார் முதலில் படிக்கவேண்டியது இவ்வாய்வுதான்.

பயனில்லை என்னும் முடிபையும் இதே கண்டிப்போடு ஆராய வேண்டும். இது பெரும்பாலும் நடைபெறுவதில்லை. ஜே.டி.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழிற்பயிற்சித் திட்டம் 1980-களின் இறுதியில் 16 இடங்களில், ஏறத்தாழ 20,000 பேரைக் கொண்டு சீட்டு முறையில் ஆராயப்பட்டது. வயது வந்த பெண்டிர்க்கும் ஆடவர்க்கும் சிறு ஆதாயம் காணப்பட்டது. பள்ளியை விட்ட இளைஞர்க்கு ஆதாயம் இல்லை என்றனர். 1995-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இளைஞர் பகுதிக்கான பணத்தைப் பெருமளவில் வெட்டிவிட்டது. அந்த ஆய்வில் ஒரு நுணுக்கம் உண்டு. சீட்டில் இடம் பெற்றோருள் மூன்றிலொரு பங்கினர் போல் பயிற்சியில் சேரவே இல்லை. இடம் பெறாதோருள் பலர், சமுதாயக் கல்லூரி முதலிய வேறிடங்களில் தாமே பயிற்சி பெற்றுக்கொண்டனர். ஆகவே அங்கு ஒப்பிடப்பட்டவை பயிற்சியும் பயிற்சியின்மையும் அல்ல. ஒரு வாயிலாகக் கிடைத்த பயிற்சியும், பல வாயில்களாகக் கிடைத்த பயிற்சியுமே ஒப்பிடப்பட்டன. ஹெக்மனும் உடன் ஆய்ந்தோரும் 2000-இல் இதனை விரிவாக எழுதினர். அதற்குள் பணம் போய் ஐந்தாண்டு ஆகியிருந்தது.

1964-இல் நிறுவப்பட்ட ஜாப் கார்ப்ஸ் என்னும் திட்டம் இளைஞரை விடுதியில் தங்கவைத்துப் படிப்பும் தொழிலும் கற்பித்தது. செலவு மிக்க திட்டம். 1994-இன் இறுதி முதல் 1996-இன் தொடக்கம் வரை விண்ணப்பித்தோரைக் கொண்டு ஏறத்தாழ 15,400 பேர் ஆராயப்பட்டனர். மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் அவர்களின் வருவாய் ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்திருந்தது. திட்டம் வென்றது என்று பலரும் எழுதினர். பின்னும் பல ஆண்டுகளின் வரிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, அவ்வுயர்வு பெரும்பாலோரிடம் தேய்ந்துவிட்டது. சேரும்போது 20 முதல் 24 வயதினராய் இருந்தோரிடம் மட்டும் அது நிலைத்தது. நான்காம் ஆண்டோடு கணக்கை மூடியிருந்தால் இவ்வேறுபாடு வெளிப்பட்டிராது.